பதினோராவது பெயர்

“என்னை ஏன் அப்படிப் பாக்குறீங்க கோச்?” என்று கேட்டாள் டெல்மா.

“எப்படிப் பாக்குறேன்?”

“பந்தல் காலைப் பாக்குற மாதிரி. நிக்குமா, சாயுமான்னு.”

சங்கவி பார்ப்பதை நிறுத்தவில்லை.

டெல்மா அந்த அணியின் கேப்டன். ஸ்டாப்பர். தன் கோலுக்கு முன்னால் நின்று, வருகிறவர்களை நிறுத்துவது அவள் வேலை. கால்பந்துதான் அவளுக்குத் தொழில், சோறு, எல்லாம்.

சங்கவி அவளுக்குக் கோச். அவளைவிட மூன்று வயது சின்னவள்.

முதல் நாள் யாரை யார் எப்படிக் கூப்பிடுவது என்று இருவருக்கும் சங்கடமாக இருந்தது. பிறகு அது தானாக அமைந்துவிட்டது. டெல்மா ‘கோச்’ என்பாள். சங்கவி ‘டெல்மாக்கா’ என்பாள்.

மறுநாள் இறுதிப் போட்டி. அந்த அணி அதுவரை எந்தக் கோப்பையையும் தொட்டதில்லை.

அரையிறுதியில் டெல்மாவின் இடது முழங்கால் திருகிக்கொண்டது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஆடலாம். ஆனா இன்னொரு தடவை திருகினா அதோட ஆட்டம் முடிஞ்சது. மாடிப்படி இறங்குறதே பெரிய காரியமாயிடும்.”

டெல்மா முதல் வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“டாக்டர் ஆடலாம்னு சொல்லிட்டாரு கோச்.”

“அவ்வளவுதான் சொன்னாரா?”

“வேற என்னவோ சொன்னாரு. மாடிப்படியப் பத்தி.”

சங்கவி குனிந்து அந்த முழங்காலின்மேல் கை வைத்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது. கையை உடனே எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“ஒரே வார்த்தையில சொல்லுங்க. ஆடவா, வேண்டாமா?”

“பதினோராவது பேரை நானா சொல்றேன்?”

அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு.

ஆட்டத்துக்கு முன்னால், டிரெஸ்ஸிங் ரூமில், கோச் பத்துப் பெயர்களை மட்டும் வாய்விட்டுச் சொல்வாள். பதினோராவது பெயரைக் கேப்டன் சொல்ல வேண்டும்.

அது கேப்டனின் பெயர்தான். வேறு எந்தப் பெயர் வரப்போகிறது?

‘டெல்மா’ என்று அவள் சொன்னதும் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைப் படபடவென்று தட்டுவார்கள். ஆறு சீசனாக அதே பெயர். அதே தட்டு.

“பேரை நான் சொல்லிக்கிடுவேன். நீங்க என்ன நினைக்கீங்கன்னு கேக்கேன்.”

“திரும்புங்க.”

“என்ன?”

“பந்து மேல கால வச்சு, அந்தப் பக்கம் திரும்புங்க.”

டெல்மா திரும்பினாள்.

“இப்ப இந்தப் பக்கம்.”

டெல்மா இடது காலை ஊன்றித் திரும்பினாள். முழங்காலுக்குள் ஏதோ ஒன்று சுரீரென்றது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. சும்மா நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவளின் முகம்.

“எப்படி?” என்றாள் பெருமையாக.

“உங்க மூஞ்சில ஒண்ணுமே தெரியல.”

“அதத்தான் சொல்லுதேன்.”

“நானும் அதத்தான் சொல்றேன்” என்றாள் சங்கவி.

பெருமைப்பட டெல்மாவுக்குக் காரணம் இருந்தது.

ஒருமுறை மூக்கு உடைந்தது. பஞ்சை அடைத்துக்கொண்டு கடைசி விசில்வரை ஆடினாள். ஒருமுறை தோள் கழன்றது. கோல் கம்பத்தில் தானே இடித்துச் சேர்த்துக்கொண்டாள். ரெஃப்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதிதாக அணிக்கு வரும் பெண்களுக்கு முதலில் சொல்லப்படுவது ஹாஸ்டல் சாப்பாட்டு நேரம். இரண்டாவது இந்தத் தோள் கதை.

ஒருமுறைகூட அவள் ஆட்டத்தின் நடுவில் வெளியே வந்ததில்லை. அதைச் சொல்லும்போது அவள் கழுத்து ஓர் அங்குலம் நீளும்.

“நாளைக்கு எந்தக் கால்ல டேப் சுத்துவீங்க?” என்று கேட்டாள் சங்கவி.

டெல்மா சிரித்துவிட்டாள்.

அது ஒரு தொழில் ரகசியம். காயம்பட்ட காலில் கட்டுப் போட்டுக்கொண்டு போனால், எதிரணி அந்தக் காலையே குறிவைக்கும். அதனால் டெல்மா எப்போதும் நல்ல காலில்தான் வெள்ளை டேப்பைச் சுற்றுவாள். உதைக்கிறவர்கள் நல்ல காலை உதைத்துவிட்டுப் போவார்கள்.

“வலது கால்லதான். வழக்கம்போல.”

“மஞ்சரிக்கு அது தெரியும்.”

மஞ்சரி எதிரணியின் ஃபார்வர்ட். அந்த சீசனில் அவளைவிட அதிக கோல் போட்டவர்கள் யாரும் இல்லை.

“தெரியுமா?”

“லீக் முழுக்கத் தெரியும். டெல்மாக்கா டேப் சுத்தாத காலப் பாத்து உதைன்னு சொல்லித்தான் அனுப்புறாங்க.”

“அப்போ இடது கால்ல சுத்துவேன்.”

“அதையும் யோசிச்சிருப்பாங்க.”

“ரெண்டு கால்லயும் சுத்துவேன்.”

“அரையிறுதியில உங்க ஆளே ஏமாந்தாளே. அது ஞாபகம் இருக்கா?”

டெல்மாவின் சிரிப்பு நின்றது.

அரையிறுதியில் அவள் விழுந்ததும் ஃபிசியோ பெண் ஐஸ் பையோடு ஓடி வந்தாள். புதிய பெண். டேப் இருந்த காலைப் பார்த்தாள். அந்த முழங்காலில் ஐஸை வைத்து அழுத்தினாள்.

எதிரணி சுற்றி நின்றது. அவர்கள் முன்னால் ‘அது இல்ல மக்கா, இது’ என்று எப்படிச் சொல்வது? டெல்மா வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நல்ல முழங்கால் குளிர்ந்து மரத்தது. கெட்ட முழங்கால் பக்கத்திலேயே கிடந்து வீங்கியது.

பிறகு எழுந்து மிச்ச ஆட்டத்தையும் ஆடினாள். ஜெயித்தார்கள்.

“பாவம், சின்னப் பொண்ணு. அவளுக்கென்ன தெரியும்?” என்றாள் டெல்மா.

“அவள நான் ஒண்ணும் சொல்லலியே” என்றாள் சங்கவி.

டெல்மாவுக்குக் கோபம் வந்தது.

“உங்க கால காட்டுங்க கோச்.”

சங்கவி மறைக்கவில்லை. டிராக் பேண்ட்டை முழங்காலுக்குமேல் ஏற்றிவிட்டாள். மேலிருந்து கீழாக ஒரு தழும்பு. தையல் போட்ட புள்ளிகள் இருபுறமும்.

“இது என்ன?”

“ஒரு ஃபைனல். அப்ப வேற டீம். இருபத்திரண்டு வயசு. உள்ள கிழிஞ்சிருந்துச்சு. ஆடினேன்.”

“ஜெயிச்சீங்க.”

“ஜெயிச்சோம். நாந்தான் ரெண்டாவது கோல் போட்டேன். அதோட முடிஞ்சது.”

“இப்போ வருத்தமா?”

“ஒரு நாள்கூட இல்ல.”

டெல்மா இதை எதிர்பார்க்கவில்லை. வருத்தம் என்று சொல்வாள், அறிவுரை வரும், சண்டை போடலாம் என்று தயாராக நின்றிருந்தாள்.

“பின்ன எனக்கு மட்டும் எதுக்குத் தடை?”

“நான் எங்க தடுத்தேன்?”

“தடுத்தா நல்லாருக்கும். தாண்டிப் போயிருவேன்.”

“தெரியும்” என்றாள் சங்கவி. பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

மறுநாள் டிரெஸ்ஸிங் ரூம்.

வெளியே கூட்டத்தின் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. உள்ளே தைல வாசனை. ஜெபம் சொல்கிறவர்கள் சொல்லி முடித்தார்கள். திருநீறு வைக்கிறவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

சங்கவி ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பெட்டி நிறைய வெள்ளை டேப் சுருள்கள்.

“இன்னைக்கு ஏமாத்து வேலை வேண்டாம். நிஜமா எங்க வலிக்குதோ அங்க சுத்திக்கங்க. எல்லாரும்.”

யாரும் நகரவில்லை. கான்வென்ட் வகுப்பில் ‘பேசினது யாரு’ என்று சிஸ்டர் கேட்டதும் விழுமே, அந்த அமைதி.

எல்லாரும் டெல்மாவைப் பார்த்தார்கள்.

டெல்மா கூரையைப் பார்த்தாள்.

முதலில் எழுந்தவள் கோல்கீப்பர் பவுலின். ஒரு சுருளை எடுத்தாள். சுண்டு விரலையும் அடுத்த விரலையும் சேர்த்து வைத்துச் சுற்றினாள்.

“அது எப்ப?” என்றாள் டெல்மா.

“பொங்கலுக்கு முன்னாலக்கா.”

“பொங்கலுக்கு முன்னாலயா? அதுக்கப்புறம் பெனால்டி புடிச்சியே.”

“இன்னொரு கையால புடிச்சேன்.”

அடுத்து கனி. வலது ஓரத்தில் மின்னல் மாதிரி ஓடுகிறவள். ஷார்ட்ஸை ஏற்றி, தொடையைச் சுற்றிக் கட்டினாள். தொடையின் பின்புறம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

அப்புறம் ஒருத்தி விலாவில். ஒருத்தி கணுக்காலில். ஒருத்தி சட்டையைக் கழற்றிவிட்டு, “முதுகுடி, எனக்கு எட்டாது, நீ சுத்து” என்று பக்கத்தில் இருந்தவளிடம் முதுகைக் காட்டினாள்.

பல்லால் டேப்பைக் கிழிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

டெல்மா ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். ஆறு சீசனாக ஒரே அறையில் உடை மாற்றியவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

“ஏண்டி, ஒருத்திகூட எங்கிட்ட சொல்லல?”

“நீங்க சொன்னீங்களாக்கா?” என்றாள் கனி.

அறை சிரித்தது. டெல்மாவும் சிரித்தாள். நெஞ்சு அவளுக்கு விம்மியது. இப்படி ஒரு கூட்டத்துக்குக் கேப்டனாக இருந்திருக்கிறேனே என்று நினைத்தாள்.

குனிந்து ஒரு சுருளை எடுத்தாள். இடது முழங்காலை நீட்டினாள். எல்லாரும் பார்க்கும்படி, வலிக்கிற காலில், வாழ்க்கையில் முதல்முறையாகச் சுற்றினாள்.

“புரிஞ்சிட்டு கோச்” என்றாள்.

“என்ன புரிஞ்சது?”

“எனக்கு மட்டும்தான் வலின்னு நினைச்சிருந்தேன். எல்லாரும் வலியோடதான் ஆடுறோம். அதனால நானும் ஆடுதேன். சரிதானே?”

சங்கவி பெட்டியை மூடப் போனாள். மூடாமல் நிறுத்தினாள்.

“இருங்க. ரெக்ஸலின் இன்னும் சுத்தி முடிக்கல.”

டெல்மா திரும்பினாள்.

மூலையில், கதவுக்குப் பக்கத்தில் ரெக்ஸலின். அணியின் மாற்று ஸ்டாப்பர். டெல்மா ஆட முடியாமல் போனால் அந்த இடத்தில் ஆட வேண்டியவள்.

டெல்மா ஆட முடியாமல் போனதே இல்லை.

ரெக்ஸலின் குழந்தை பெற்றுக்கொண்டு போனவள். திரும்பி வந்து இரண்டு சீசன் ஆகிறது. பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னால் வருவாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோட்டுக்கு வெளியே மேலும் கீழும் ஓடி உடம்பைச் சூடாக்குவாள். பிறகு உட்கார்ந்து அதை ஆற விடுவாள்.

இப்போது அவள் கையில் டேப் இருந்தது. முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கணுக்காலை. பிறகு மணிக்கட்டை. எங்கே வைப்பது என்று தெரியாமல் நுனியைப் பிய்ப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள்.

கடைசியில் வலது முழங்காலைத் தேர்ந்தெடுத்து, சுற்றத் தொடங்கினாள்.

டெல்மா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“முட்டா? எப்போ பட்டுது?”

“படலக்கா.”

“பின்ன எங்க வலிக்கு?”

“எங்கயும் இல்ல.”

“அப்போ எதுக்குச் சுத்துற?”

ரெக்ஸலின் தலையை நிமிர்த்தவில்லை. டேப்பின் ஓரத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

“எல்லாரும் சுத்திட்டுப் போறீங்க. சும்மா போறதுக்கு வெக்கமா இருக்குக்கா.”

ரெக்ஸலின் டேப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

“வீட்டுக்குப் போனா எனக்க மவ என்னத் தடவித் தடவிப் பாப்பா. ‘அம்மா, ஒனக்கு எங்கயும் அடிபடல்லியா? நீ விளையாடவே இல்லியா?’ன்னு கேப்பா. டிவியில உங்களப் பாத்திருக்கால்லா. விளையாடினா கட்டு இருக்கணும்னு அவளுக்கு நெனப்பு.”

“நீ என்ன சொல்லுவ?”

“அடுத்த மேட்ச்சுன்னு சொல்லுவேன்.”

வெளியே யாரோ மைக்கில் அணிகளின் பெயரைச் சொன்னார்கள். கூட்டம் கத்தியது.

சங்கவி எழுந்து நின்றாள். பத்துப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். பவுலின். கனி. ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி எழுந்தாள். வெள்ளைக் கட்டோடு ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி.

பத்தாவது பெயர் முடிந்தது. சங்கவி உட்கார்ந்து தன் ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். அது ஒழுங்காகத்தான் இருந்தது.

பெஞ்சைத் தட்டக் கைகள் தயாராக இருந்தன.

டெல்மா வாயைத் திறந்தாள். மூடினாள்.

தோள் கழன்ற அன்றுகூட அவளுக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை.

“ரெக்ஸலின்” என்றாள்.

ஒரு கையும் அசையவில்லை.

“எந்த ரெக்ஸலின்?” என்றாள் கனி, அறையில் ஒரே ஒரு ரெக்ஸலின்தான் என்பதை மறந்து.

பிறகு பவுலின், கட்டுப்போட்ட அந்தக் கையாலேயே பெஞ்சைத் தட்டினாள். வலித்திருக்கும். மறுபடியும் தட்டினாள். அதன்பின் அறையே இடிந்து விழுவதுபோல எல்லாரும் தட்டினார்கள்.

ரெக்ஸலின் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே வெளுத்துப்போய் இருந்தாள்.

“அக்கா, என்னால முடியாதுக்கா.”

“பயமா இருக்கா?”

“கை காலெல்லாம் நடுங்குது.”

“நல்லது. எனக்கு ஒருநாளும் நடுங்கினதில்ல. முட்டுக்க கதியப் பாத்தியா?”

“என்னால தோத்துட்டா?”

“தோத்தா கோச் மேல பழியப் போட்டுருவோம்.”

“என் மேலயா?” என்றாள் சங்கவி.

“பின்ன? டேப் பெட்டியக் கொண்டாந்தது யாரு?”

டெல்மா தரையில் மண்டியிட முடியாமல், காலை ஒருபக்கமாக நீட்டி உட்கார்ந்தாள். ரெக்ஸலினின் வலது முழங்காலில் இருந்த டேப்பின் நுனியைத் தேடிப் பிடித்தாள். சுற்றுச் சுற்றாக உரித்து எடுத்தாள். கீழே தோல் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது.

அந்த முழங்காலை இரண்டு தட்டுத் தட்டினாள். நல்ல குதிரையைத் தட்டுவதுபோல.

“எந்திரி பிள்ள.”

ரெக்ஸலின் எழுந்தாள்.

“வலது பக்கம் வர்ற பந்துக்கு அவசரப்படாத. கனி இருக்கா. மஞ்சரி கண்ணப் பாக்காத, இடுப்பப் பாரு. கண்ணு பொய் சொல்லும்.”

“சரிக்கா.”

“சத்தமாப் பேசு. பின்னால நிக்கிறவ பேசலன்னா முன்னால நிக்கிறவளுக்கு முதுகு கூசும்.”

“சரிக்கா” என்றாள் ரெக்ஸலின், சத்தமாக.

வரிசையாக வெளியே போனார்கள். கடைசியாக ரெக்ஸலின் போனாள். கட்டு எதுவும் இல்லாத அந்த இரண்டு கால்களும் வாசல் வெளிச்சத்தில் தனியாகத் தெரிந்தன.

டெல்மா கைத்தடி வேண்டாம் என்றாள். சங்கவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். வெயில். வரிசை வரிசையாக முகங்கள். ஆறு சீசனில் அவள் உட்காராத பெஞ்ச்.

உட்கார்ந்தாள்.

புதிய ஃபிசியோ பெண் ஐஸ் பையோடு வந்து தயங்கி நின்றாள். டெல்மா தன் இடது காலைத் தூக்கி எதிரே இருந்த தண்ணீர்ப் பெட்டியின்மேல் வைத்தாள். டேப்பைக் கிழித்துப் போட்டாள். முழங்கால் சின்னப் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. மைதானமே பார்க்கலாம்.

“இதுதான் மக்கா. வை.”

ஐஸ் பட்டதும் அவள் முகம் கோணியது. மறைக்கவில்லை.

“வலிக்குதா டெல்மாக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள் சங்கவி.

“உயிர் போவுது கோச்.”

சங்கவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெயில்தான் என்று சொல்லியிருப்பாள், கேட்டிருந்தால்.

ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எதிரணியின் மஞ்சரி உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்தவள், பெஞ்சைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தினாள். நேராக வந்தாள்.

வீங்கிய காலைப் பார்த்தாள். டெல்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“என்னக்கா, ஆடலியா? நம்பவே முடியல. பயந்துட்டீங்களா?”

“ஆமா” என்றாள் டெல்மா.

மஞ்சரி மைதானத்தின் பக்கம் திரும்பினாள். டெல்மா வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒருத்தி நின்று, கையை நீட்டி நீட்டி, தொண்டை கிழிய யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உங்க இடத்துல யாரோ நிக்கிறாங்களே. யாருக்கா அது? நான் பாத்ததே இல்ல.”

டெல்மாவின் கழுத்து ஓர் அங்குலம் நீண்டது.

“ஆட்டம் முடிஞ்சு வா” என்றாள். “நீயே எனக்குச் சொல்லு.”